தமிழ்க் கத்தோலிக்கரும் தவக்காலமும்

நோன்பு என்னும் சொல்லும் செயலும் தமிழர்க்குப் புதியன அல்ல. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர் துறந்ததையும், அவனை நேரிற் காணாமலே நட்புப் பூண்ட பிசிராந்தையார் அவனோடு வடக்கிருந்து உயிர் நீத்ததையும் புறநானூற்றின் வழி அறிகிறோம். பின்னர் மார்கழியில் கன்னியர் பாவை நோன்பு நோற்றனர். ஏகாதசியும், கிருத்திகையும், புரட்டாசிச் சனிக்கிழமையும் இன்றளவும் நம் இல்லங்களில் நோன்பு நாட்களாக விளங்குகின்றன. இசுலாமியத் தமிழர் தம் ரமலான் விரதத்தை 'நோன்பு' என்ற தனித் தமிழ்ச் சொல்லாலேயே வழங்கி வருகின்றனர். இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கதே கத்தோலிக்கத் தமிழரின் தவக்காலமும்.

ஆயினும் பிற சமய அன்பர்கள் பலர் தவக்காலத்தைப் பற்றி அறிந்திருப்பது சிறிதே. அதனினும் வருந்தத்தக்கது, கத்தோலிக்க இல்லங்களில் பிறந்து புனேயில் வளரும் நம் பிள்ளைகளே அதைச் சிறிதளவே அறிந்திருப்பதாகும். 'இந்த ஆண்டு எதை விடப் போகிறாய்?' என்று ஒருவரையொருவர் கேட்டுக் கொள்வதோடு அவர்களது தவக்காலம் தொடங்குகிறது. ஒருவர் மிட்டாயை விடுகிறார். மற்றொருவர் ஆட்டிறைச்சியை விடுகிறார். வேறொருவர் தொலைக்காட்சியை விடுகிறார். நாற்பது நாள் கழிந்தபின் விட்டதை மீண்டும் பற்றிக் கொள்கின்றனர். விட்டதனால் மிஞ்சியது யாருக்குச் சென்றது என்ற வினா எழுவதேயில்லை. அந்த வினாவே தவக்காலத்தின் உயிர் என்பதை வரலாற்றின் துணை கொண்டு காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாற்பது நாளின் கணக்கு

இயேசு பெருமான் பாலைவனத்தில் நாற்பது நாள் நோன்பிருந்ததை முன்மாதிரியாகக் கொண்டது தவக்காலம். கி.பி. 325-இல் கூடிய நைசேயா சங்கத்தின் விதிகளுள் ஒன்றில் 'நாற்பது' எனப் பொருள்படும் கிரேக்கப் பெயரால் இக்காலம் சுட்டப்படுகிறது. எனவே நான்காம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இது அறியப்பட்டிருந்தது என்பது தெளிவு.

உரோமைத் திருச்சபையில் ஞாயிற்றுக்கிழமை உயிர்ப்பின் நாளாதலால் அன்று நோன்பிருத்தல் வழக்கமன்று. ஆறு வாரங்களில் ஞாயிறுகளை நீக்கினால் முப்பத்தாறு நாட்களே எஞ்சும். குறைந்த நான்கு நாட்களை நிரப்பும் பொருட்டு முந்திய புதன்கிழமையிலிருந்தே நோன்பு தொடங்கலாயிற்று. இன்றும் அந்தப் புதனிலிருந்து பாஸ்குவுக்கு முந்திய சனி வரை நாற்பத்தாறு நாட்கள். ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் நாற்பது.

அப்புதனன்று நெற்றியில் சாம்பல் பூசும் வழக்கம் முதலில் வெளிப்படையாகப் பரிகாரம் செய்தவர்களுக்கே உரியதாயிருந்தது. பாப்பரசர் இரண்டாம் உர்பன் காலத்தில், 1091-இல் கூடிய பெனவெந்தோ சங்கம், குருக்களும் மக்களும் ஆகிய அனைவரும் சாம்பல் பூசிக் கொள்ளுமாறு விதித்தது. பாவி என ஒதுக்கப்பட்டவனின் அடையாளத்தை அனைவரும் ஏற்றனர் என்பது எண்ணத்தக்கது.

அக்கால நோன்பு கடுமையானது. ஒரு வேளை உணவு. அதுவும் பொழுது சாய்ந்த பின்னரே. இறைச்சி விலக்கப்பட்டது, பாலும் முட்டையும் பல நாடுகளில் விலக்கப்பட்டன. எனினும், உண்ணாமை மட்டுமே நோன்பு என்று திருச்சபை எக்காலத்தும் கற்பித்ததில்லை. செபம், தவம், தருமம் ஆகிய மூன்றையும் மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரம் ஒருசேரக் கூறுகிறது. மூன்றையும் பிறர் காணச் செய்தலாகாது என்றும் எச்சரிக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டில் உரோமையில் வாழ்ந்த பாப்பரசர் பெரிய சிங்கராயர் தம் தவக்கால மறையுரைகளில் வலியுறுத்தியது இதுவே: நோன்பாளி தன் உணவில் குறைத்தது ஏழையின் உணவாக வேண்டும்; அன்றேல் அது சிக்கனமாகுமேயன்றி நோன்பாகாது என்பதே அவர்தம் கருத்தின் சாரம்.

சொற்கள் சொல்லும் வரலாறு

தமிழகத்துக்கு வருவோம். 1542-இல் புனித சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். 1578-இல் கொல்லத்தில் அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியது. பதினாறு பக்கங்களே கொண்ட அச்சிறு நூல்தான் இந்திய மண்ணில் தமிழ் எழுத்தால் அச்சான முதல் நூல் என்பதை நாம் அறிவோம். அவ்வடிகளாரே 1580-இல் பாவ அறிக்கை செய்யும் முறையை விளக்கி 'கொம்பெசியொனாயரு' என்ற நூலையும் அச்சிட்டார். தவக்காலத்தில் ஒவ்வொருவரும் தம் மனத்தை ஆராய்ந்து பாவ அறிக்கை செய்வது கடமையாதலின், தமிழில் அச்சான முதற் சில நூல்களுள் ஒன்று தவக்காலத்துக்கு உற்ற துணை நூலாக அமைந்தது எனலாம்.

நூலின் பெயர் போர்த்துக்கீசியச் சொல்லைத் தமிழ் எழுத்தில் பெயர்த்ததேயாகும். பிற்காலத்தில் அதனிடத்தில் 'பாவசங்கீர்த்தனம்' வந்தது; இன்று 'ஒப்புரவு அருட்சாதனம்' என்கிறோம். முதற்சொல் கடல் கடந்து வந்தது. இரண்டாவது வடமொழி சார்ந்தது. மூன்றாவது வள்ளுவர் ஓர் அதிகாரத்துக்கே பெயராக்கிய 'ஒப்புரவு' என்னும் பழந்தமிழ்ச் சொல்லைத் தாங்கி நிற்கிறது. ஒரு சமயம் ஒரு மொழியில் வேர்விட எத்தனை தலைமுறை ஆகும் என்பதற்கு இம்மூன்று சொற்களுமே சான்று.

தவக்காலத்துக்குரிய ஏனைய சொற்களையும் நோக்குவோம். நம் பாட்டன்மார் இதனைத் 'தபசு காலம்' என்றனர். சாம்பல் பூசும் நாளை 'விபூதிப் புதன்' என்றனர். இன்று 'திருநீற்றுப் புதன்' என்றும் 'சாம்பல் புதன்' என்றும் வழங்குகிறோம். இறைச்சி விலக்கும் நாள் 'சுத்தபோசனம்'. ஒரு வேளை மட்டும் உண்ணும் நாள் 'ஒருசந்தி'. விபூதியும் ஒருசந்தியும் சைவ, வைணவ இல்லங்களில் வழங்கும் சொற்களே. புரட்டாசிச் சனிக்கிழமையில் ஒருசந்தி இருக்கும் அம்மையாரும், தவக்கால வெள்ளிக்கிழமையில் ஒருசந்தி இருக்கும் அம்மையாரும் அண்டை வீட்டாராயிருந்தால், ஒருவர் நோன்பை மற்றவர்க்கு விளக்கத் தனியே ஓர் அகராதி வேண்டுவதில்லை.

ஒருசந்தி என்ற சொல்லில் மற்றொரு நயமும் உண்டு. ஒரு வேளை உண்டவன் மற்ற வேளைச் சோற்றை விட்டவனாகிறான். அந்தச் சோறு எங்கே சென்றது? பானையிலேயே தங்கிற்றா, பசித்தவன் கலத்துக்குச் சென்றதா? உண்ட வேளையைப் பற்றியே பேசுகிறோம். விட்ட வேளையைப் பற்றியன்றோ பேசவேண்டும்!

ஆண்டெல்லாம் நோன்பிருந்த அடிகளார்

1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலி அடிகளார், தத்துவ போதகர் எனப் பெயர் பெற்றவர், துறவியர் கோலம் பூண்டு, புலால் நீக்கி, நாளுக்கு ஒரு வேளை சோறும் காய்கறியும் பாலும் கொண்டு வாழ்ந்தார். உரோமையில் தவக்காலத்துக்கு மட்டும் உரியதாயிருந்த நோன்பை அவர் தமிழகத்தில் ஆண்டு முழுவதற்கும் உரியதாக்கிக் கொண்டார். துறவி எனின் அவன் உணவில் அது தெரிய வேண்டும் என்ற இந்நாட்டு எண்ணத்தை அவர் மதித்தார். அவர்தம் முறையைப் பற்றி எழுந்த வழக்கு 1619-இல் கோவாவில் நடந்த மாநாட்டிலும் பின்னர் உரோமையிலும் ஆராயப்பெற்று, 1623-இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியாரின் ஆணையால் அவர்க்குச் சார்பாக முடிந்தது. அம்முறை சாதி வேற்றுமைக்கு இடங்கொடுத்தது என்ற குறை பின்னாளில் ஆய்வாளர்களால் கூறப்பட்டதையும் மறைக்க வேண்டுவதில்லை.

அடுத்து எண்ணத்தக்கவர் புனித அருளானந்தர். லிஸ்பன் நகரில் 1647-இல் பிறந்த ஜான் தெ பிரிட்டோ, செல்வக் குடும்பத்தை விட்டு இங்கு வந்து, பண்டார சுவாமி கோலத்தில் மறவர் நாட்டில் ஊழியம் செய்தவர். அவரும் புலால் உண்ணாதவர். தடியத்தேவர் என்னும் மறவர் தலைவர் திருமுழுக்குப் பெறும்பொருட்டு ஒரு மனைவியோடு மட்டும் வாழத் துணிந்து மற்ற மனைவியரை விலக்கினார். அவருள் ஒருவர் கிழவன் சேதுபதியின் உறவினர். இதனால் எழுந்த சினமே அடிகளாரின் உயிருக்கு உலையாயிற்று. 1693-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் அவர் தலை வெட்டுண்டார். 1947-இல் திருச்சபை அவரைப் புனிதர் எனப் பறைசாற்றியது.

அந்நாளைப் பற்றி ஒரு கணக்கு. 1693-இல் உயிர்ப்புப் பெருவிழா மார்ச்சு 22-இல் வந்தது. அதற்கு நாற்பத்தாறு நாள் முன்னே எண்ணினால் கிடைப்பது பிப்ரவரி 4. அதாவது விபூதிப் புதன். அந்தப் புதன் வரக்கூடிய நாட்களுள் மிக முந்தியது அதுவே. மனிதன் மண்ணாவான் என்று நினைவூட்டிச் சாம்பல் பூசும் நாளில் அருளானந்தர் ஓரியூர் மண்ணில் வீழ்ந்தார். அவ்வூர்ச் செம்மணலை இன்றும் பல சமயத்தாரும் பக்தியோடு எடுத்துச் செல்கின்றனர். ஒவ்வொரு விபூதிப் புதனும் தமிழ்க் கத்தோலிக்கர்க்கு ஓரியூரின் நினைவு நாளுமாகும் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லுகிறோமா?

வீரமாமுனிவரையும் இவ்விடத்தில் நினைத்தல் பொருந்தும். 1711 அளவில் மதுரை மறைத்தளத்துக்கு வந்த அவர் 1726-இல் தேம்பாவணியை நிறைவேற்றினார். 3615 பாடல்களைக் கொண்ட அப்பெருங்காப்பியத்தின் தலைவர் புனித சூசையப்பர். மார்ச்சு 19-ஆம் நாளாகிய சூசையப்பர் திருநாள் எந்த ஆண்டிலும் தவக்காலத்துக்குள்ளேயே வரும். நாள்தோறும் ஒரு பாடலாகத் தேம்பாவணியைப் பொருளுணர்ந்து படிக்கத் தவக்காலத்தினும் ஏற்ற காலம் வேறில்லை.

அம்முனிவரே திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தவர். ஆதலின் ஈகை அதிகாரத்தில் வள்ளுவர் தரும் தீர்ப்பு அவர் கண்ணுக்குத் தப்பியிராது. தன் பசியைத் தாங்கும் தவத்தோர் ஆற்றல் பெரிதுதான். ஆயினும் பிறர் பசியைப் போக்குவோர் ஆற்றலுக்கு அது பிற்பட்டதே என்பது அத்தீர்ப்பு. பெரிய சிங்கராயர் உரோமையில் சொன்னதும் வள்ளுவர் தமிழில் சொன்னதும் ஒன்றேயன்றோ!

தமிழில் அழுத வெள்ளிக்கிழமைகள்

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முன்னர்த் திருப்பலி இலத்தீனில் நடந்தது. மக்கள் தம் தாய்மொழியில் வாய்விட்டுச் செபித்ததும் பாடியதும் பெரும்பாலும் பக்தி முயற்சிகளில்தான். அவற்றுள் தவக்காலத்துக்குரியவை தலையாயவை. சிலுவைப்பாதையின் தலங்கள் பதினான்கு என்பதைப் பாப்பரசர் பன்னிரண்டாம் கிளமெந்து 1731-இல் வரையறுத்தார். தமிழகத்து ஊர்களில் வெள்ளிக்கிழமை மாலையில், வயலிலிருந்தும் கடலிலிருந்தும் திரும்பியோர் கை கால் கழுவிக் கோயிலுக்கு வந்து, ஒவ்வொரு தலத்திலும் முழந்தாளிட்டு, தமிழில் பாடித் தமிழில் அழுதனர்.

ஈழத்திலோ இப்பக்தி ஓர் இலக்கியமாகவே மலர்ந்தது. ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கர் துன்புற்ற நாளில், கோவாவைச் சேர்ந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் 1705-இல் இலங்கைக்குச் சென்றார். அங்கு முன்னரே மறைந்து ஊழியம் செய்து கொண்டிருந்த புனித யோசேப் வாஸ் அடிகளாருக்குத் துணையானார். 1742-இல் இறக்குமளவும் சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் இயற்றினார். இயேசுவின் பாடுகளை விரித்துரைக்கும் அவர்தம் 'வியாகுலப் பிரசங்கம்' ஈழத்துத் தமிழ்க் கத்தோலிக்கரிடையே தவக்காலத்தில் இராகத்தோடு படிக்கப்பட்டு வரும் நூலாகும். குருக்கள் அரிதாயிருந்த காலத்தில் மக்கள் தாமே கூடிப் படிக்க உதவியவை இத்தகைய நூல்களே. குருவும் கோயிலும் இல்லாத இடத்திலும் நூல் ஒன்று, வாய் ஒன்று, கேட்கும் செவி நான்கு இருந்தால் தவக்காலம் நடந்தது என்பது புலம் பெயர்ந்த நமக்குப் பெரும் பாடமாகும்.

நம்மில் ஊரிலே பிறந்தவர்க்கு வேறு சில காட்சிகளும் நினைவிலிருக்கும். சென்ற ஆண்டுக் குருத்தோலைகளைச் சேர்த்து எரித்து விபூதிக்குரிய சாம்பல் எடுப்பர். கோயிற் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடுவர். பெரிய வியாழன் இரவு முதல் மணி ஒலிக்காது, மரத்தட்டே ஒலிக்கும். அந்த நாற்பது நாளில் திருமணம் வைக்க மாட்டார்கள். பெரிய வெள்ளியன்று கோயில் வளாகத்திலேயே பெரிய அண்டாவில் கஞ்சி காய்ச்சி, நோன்பிருந்த அனைவரும் வரிசையாக அமர்ந்து குடிக்கும் வழக்கம் தென் மாவட்டத்து ஊர்கள் பலவற்றில் உண்டு. பணக்காரரும் கூலியாளும் அன்று குடிப்பது ஒரே கஞ்சி.

ஆனால் ஒரே கஞ்சியைக் குடித்தவர்கள் எல்லா நாளும் ஒரே இடத்தில் அமர்ந்தனரா? இல்லை என்பதே உண்மை. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் கோயிலுள் சாதியாரைப் பிரிக்க ஒரு சுவரே எழுப்பப்பட்டிருந்தது; அது 1910-இல் இடிக்கப்பட்டது. சுவரின் இருபுறத்தாரும் அதுவரை தவக்காலம் அனுசரித்தே வந்தனர், ஒருசந்தியும் இருந்தனர். கொடுமையின் கட்டுகளை அவிழ்ப்பதும், பசித்தவனுக்கு உணவைப் பகிர்வதுமே இறைவன் விரும்பும் நோன்பு என்ற எசாயா இறைவாக்கினரின் உரையை அவர்களும் கேட்டிருப்பர். வயிற்றை வருத்துவதினும் மனத்துச் சுவரை இடிப்பது கடினம் என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

புனேயின் நோன்பு நிலம்

இனி நாம் வாழும் இடத்தை நோக்குவோம். புனே கத்தோலிக்கர்க்கு அண்மைக் காலத்து ஊரன்று. பேஷ்வா சவாய் மாதவராவ் காலத்தில், 1792-இல், அவர்தம் படையிலிருந்த கோவாக் கத்தோலிக்கருக்குக் கோயில் கட்ட நிலம் வழங்கப்பட்டது. குவார்ட்டர் கேட் பகுதியிலுள்ள சிட்டி சர்ச் அவ்வாறு தோன்றியதே. 1893-இல் கண்டியில் தொடங்கிய பாப்பரசரின் குருமடம் 1955-இல் இந்நகருக்கு இடம் மாறியது. அதற்கண்மையில், நகர் சாலைப் பக்கம், இயேசு சபையாரின் கல்வி இல்லமொன்று நோபிலி அடிகளாரின் பெயரையே தாங்கி நிற்கிறது. மதுரையில் ஒருவேளைச் சோறுண்டு வாழ்ந்த துறவியின் பெயர் நம் விஷ்ராந்த்வாடிக்குச் சில கல் தொலைவில் ஒரு பெயர்ப் பலகையில் விளங்குவதைப் பேருந்தில் செல்லும் நம்மவர் எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்?

மராட்டிய மண்ணும் நோன்பறிந்த மண்ணே. ஞானேசுவரரின் பல்லக்கு ஆளந்தியிலிருந்து புறப்பட்டுப் பண்டரிபுரம் நோக்கிச் செல்லுங்கால், திகியைக் கடந்து நம் விஷ்ராந்த்வாடி வழியேதான் புனே நகருக்குள் வருகிறது. வார்க்கரிகள் புலால் உண்ணாதவர். ஏகாதசி நோன்பு தவறாதவர். நெடுவழியைக் காலால் நடந்தே கடப்பவர். அந்நாளில் சாலையின் இருமருங்கும் தேநீரும் பழமும் சிற்றுண்டியும் வழங்குவோரைக் காண்கிறோம். நடப்பவர் நோற்கின்றனர், நடக்க இயலாதவர் ஊட்டுகின்றனர். நோன்பும் ஈகையும் ஒரே சாலையில் கைகோத்துச் செல்லும் காட்சி அது. மராத்தி மக்களுக்கென 1616-இல் 'கிறிஸ்து புராணம்' அச்சிட்ட தோமஸ் ஸ்டீபன்ஸ் அடிகளாரும், இம்மக்களின் பக்தி மரபை மதித்து ஓவி யாப்பிலேயே இயேசுவின் வரலாற்றைப் பாடினார்.

நமக்கு இன்னும் அண்மையில் உள்ளது எரவாடா. 1932-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-இல் காந்தியடிகள் எரவாடாச் சிறையில் உண்ணாநோன்பு தொடங்கினார். 24-ஆம் நாள் புனே ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 26-இல் நோன்பை முடித்தார். அந்நோன்பைப் பற்றியும் ஒப்பந்தத்தைப் பற்றியும் அண்ணல் அம்பேத்கர் கொண்டிருந்த கருத்து வேறு என்பது அனைவரும் அறிந்ததே. மறு ஆண்டு மே 8 முதல் 29 வரை இருபத்தொரு நாள் அவர் மேற்கொண்டது தன்னைத் தூய்மை செய்து கொள்ளும் நோன்பு என அவராலேயே அறிவிக்கப்பட்டது. தொடங்கிய அன்றே விடுதலை பெற்று, புனேயிலுள்ள பர்ணகுடி இல்லத்தில் அதை நிறைவு செய்தார். 1943 பிப்ரவரி 10 முதல் மார்ச்சு 3 வரை ஆகாகான் மாளிகைக் காவலில் மீண்டும் இருபத்தொரு நாள் நோற்றார். மூன்று நோன்புகள், மூன்றும் நம் பகுதியை ஒட்டியே. அவற்றின் நோக்கங்களைப் பற்றிக் கருத்து வேறுபடலாம். ஆயின் ஒருவன் உண்ணாமை ஊரார் மனச்சான்றைத் தொடக்கூடும் என்பதை இம்மண் கண்டது.

விதி தளர்ந்தது ஏன்?

1963-இல் வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு, தவக்காலத்துத் தவம் அகத்தில் நிகழும் தனியொருவர் தவமாக மட்டும் நில்லாது, புறத்திலும் சமூகத்திலும் வெளிப்படும் தவமாகவும் இருத்தல் வேண்டும் எனக் கூறியது. 1966 பிப்ரவரி 17-இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் நோன்பு விதிகளைத் திருத்தி அமைத்தார். அவ்வாண்டு விபூதிப் புதனாகிய பிப்ரவரி 23 முதல் அவை நடைமுறைக்கு வந்தன. விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும் ஆகிய இரு நாட்களே கட்டாய ஒருசந்தி நாட்களாயின. 1983-இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி, பதினான்கு வயது நிறைந்தோர் சுத்தபோசனமும், பதினெட்டு நிறைந்தோர் அறுபதாம் ஆண்டு தொடங்கும் வரை ஒருசந்தியும் கடைப்பிடிக்க வேண்டும். இவற்றுக்கு ஈடாக அறச்செயல்களையும் பக்தி முயற்சிகளையும் அமைக்க ஆயர் பேரவைகளுக்கு உரிமை உண்டு.

நாற்பது நாள் இரண்டானது கண்டு, 'திருச்சபையே தளர்த்திவிட்டது. நாம் ஏன் வருந்த வேண்டும்?' என்போர் உளர். இது விதியின் எழுத்தைக் கண்டு கருத்தைக் காணாமையாகும். அலுவலகத்தில் பணிபுரியும் நமக்கு இது எளிதில் விளங்கும். ஒரு செயலைக் கட்டாயத்திலிருந்து நீக்கி, உரியவரின் பொறுப்பில் விடும்போது அச்செயல் தேவையற்றது என்று பொருளன்று. செய்பவரை நம்புகிறோம் என்பதே பொருள். முன்பு சட்டம் கேட்டதை இப்போது மனச்சான்று கேட்கிறது. சட்டத்துக்குக் கணக்குக் காட்டுவது எளிது. மனச்சான்றுக்குக் காட்டுவது அரிது.

அக்கணக்கில் ஈகையும் சேர்ந்தது என்பதற்கு நம் காலத்துச் சான்றுகளும் உள. ஜெர்மனியில் 1958-இல் தவக்காலக் காணிக்கையைக் கொண்டு 'மிசெரெயோர்' என்னும் அமைப்பு எழுந்து, பல நாடுகளின் பசி போக்கப் பணி செய்தது. இந்திய ஆயர் பேரவையால் 1962-இல் நிறுவப்பெற்ற காரித்தாஸ் இந்தியாவும், தவக்காலத்தில் பசியையும் நோயையும் எதிர்க்கும் இயக்கம் நடத்திக் கோயில்தோறும் காணிக்கை திரட்டுகிறது. இவையெல்லாம் விட்ட வேளைச் சோற்றை உரியவரிடம் சேர்க்கும் வழிகளே.

நாம் செய்யத்தக்கன

வரலாற்றைக் கண்டோம், வாழ்க்கைக்குக் கொணர்வது எங்ஙனம்? ஊரிலே கோயில் மணியும், அண்டை வீட்டாரின் வழக்கமும் நம்மைத் தவக்காலத்துக்குள் இட்டுச் சென்றன. இங்கோ பெரிய வெள்ளி அலுவலக விடுமுறை. விபூதிப் புதன் அவ்வாறன்று. நெற்றிச் சாம்பலோடு அலுவலகம் செல்வோரை, 'என்ன இது?' என்று நண்பர்கள் வினவுவர். சுற்றம் செய்து வந்ததை இங்கே குடும்பமே செய்துகொள்ள வேண்டும்.

முதலாவது, கணக்கு. சமைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலத்தில் இடும் பிடியரிசி வழக்கத்தைத் தமிழ்த் தாய்மார் சமய வேறுபாடின்றி அறிவர். அதை இந்நாற்பது நாளுக்கேனும் மீட்கலாம். வெள்ளிக்கிழமை இறைச்சி வாங்காததால் மிஞ்சும் பணத்தை அன்றே ஒரு பெட்டியில் இடலாம். இறைச்சிக்குப் பதில் அதனினும் விலை மிகுந்த மீனை வாங்கிச் சமைத்து, 'சுத்தபோசனம்' என்று மன அமைதி கொள்வது விதிக்குப் பொருந்தலாம், நோன்புக்குப் பொருந்தாது. பெட்டியில் சேர்ந்ததைப் பாஸ்குவுக்கு முன்னரே கொடுத்துவிட வேண்டும். யாருக்கு என்பதைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். நம் குடியிருப்புகளை எழுப்பும் கூலிமக்கள் அவற்றை ஒட்டித் தகரக் கொட்டகைகளில் வாழ்கின்றனர். அவர்களும் நம்மைப் போலவே பிழைப்பு நாடி வேற்றூரிலிருந்து வந்தவர்களே.

இரண்டாவது, மொழி. வாரம் ஒரு நாள், வீட்டிலே, பிள்ளைகள் ஆளுக்கு ஒரு தலமாகச் சிலுவைப்பாதையைத் தமிழில் படிக்கட்டும். எழுத்துக் கூட்டிப் படித்தாலும் குறையன்று. ஆங்கிலத்தில் கற்ற பதினான்கு தலங்களைத் தமிழில் சொல்லும்போது, பாட்டியின் செபம் பேரனுக்கு உரிமையாகிறது. ஈழத்தில் குருவின்றியும் நூலால் காத்த மரபை, நூல்கள் எளிதில் கிடைக்கும் இந்நாளில் நாம் இழப்பது பொருந்துமா?

மூன்றாவது, ஒப்புரவு. வயிறு நோற்கும்போது நாவும் நோற்க வேண்டும். பேச்சு நின்றுபோன உடன்பிறந்தாருக்கு ஒரு கடிதம் எழுதுவதும், ஊர்ப் பெருமையும் சாதிப் பெயரும் பேசி நம்மவருக்குள்ளேயே எழுப்பிய சுவரை நீக்குவதும், நாற்பது நாள் புலால் மறுத்தலினும் கடிய தவமாகும். வடக்கன்குளத்துச் சுவர் இடிந்து நூறாண்டு கடந்துவிட்டது. அச்சுவரின் செங்கற்களைப் புகைவண்டியில் ஏற்றிப் புனே வரை கொண்டுவந்தவர் நம்முள் எவரும் இலர் என்று துணிந்து கூற இயலுமா?

இம்மூன்றும் கத்தோலிக்கர்க்கு மட்டும் உரியன அல்ல. ஏகாதசி நோற்பவரும் ரமலான் நோற்பவரும் இவற்றை வேறு பெயரால் அறிவர். நோயாளரும், கருவுற்ற தாய்மாரும், உடல் தளர்ந்த முதியோரும் உண்ணாமையிலிருந்து விலக்குப் பெற்றவர். ஈதலிலிருந்தும் மன்னித்தலிலிருந்தும் விலக்குப் பெற்றவர் எவருமிலர்.

விபூதிப் புதனன்று சாம்பல் நெற்றியில் இருப்பது சில நாழிகையே. முகம் கழுவினால் போய்விடும். அதற்குப் பின் வரும் நாற்பது நாளில் நம் வீட்டுப் பானையிலிருந்து எத்தனை கலத்துக்குச் சோறு சென்றது என்பதே நிற்கும். அந்த எண்ணிக்கை ஆண்டுதோறும் வளருமாயின், அருளானந்தர் வீழ்ந்த நாளை நாம் சாம்பலால் மட்டுமன்றிச் சோற்றாலும் நினைவுகூர்ந்தவராவோம். நோற்பார் பெருகுக, அவரினும் ஊட்டுவார் பெருகுக.